நீந்தத் தெரியாதவர்களின் கடல்

சனிக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் கார்களின் கூரையில் இப்போதெல்லாம் சர்ஃப் போர்டுகளைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கோவளம், அதைத் தாண்டினால் மாமல்லபுரம். ஐ.டி. ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்குபவர்கள், கொஞ்சம் வெளிநாட்டவர் என்று ஒரு சிறு கூட்டம் வாராவாரம் அலை தேடிப் போகிறது. அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. முப்பதைத் தாண்டிய முனைவர் பட்ட ஆய்வாளர், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண், உதவித்தொகை கைக்கு வந்த மாதங்களில் மட்டும் சர்ஃபிங் செய்பவள்.

அங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “கடலுக்குச் சாதி தெரியாது.” சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அலை எல்லோரையும் ஒரே மாதிரிதான் கவிழ்க்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த அலைவரைக்கும் யார் வந்து சேர்கிறார்கள், வந்தவருடைய திறமைக்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது, வராதவருடைய பயத்துக்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது என்பதெல்லாம் கரையில்தான் முடிவாகிறது. கரைக்குச் சாதி நன்றாகவே தெரியும். சமீபத்தில் மூன்று நாட்கள் கோவளத்தில் தங்கி அலையேறிவிட்டு வந்தபோது இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மீனவர் குப்பம், தர்கா, மாதா கோவில் மூன்றும் ஒரே கடலைப் பார்த்து நிற்கும் பழைய ஊர் கோவளம். சர்ஃபிங் வெளியிலிருந்து வந்த விளையாட்டு. ஆனால் இங்கே அதை வளர்த்தவர்கள் உள்ளூர் மீனவ இளைஞர்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்ததிலிருந்துதான் கோவளத்தின் சர்ஃப் பள்ளி பிறந்தது. 2013-இல் இங்கே சர்ஃபிங் திருவிழா தொடங்கியது. 2021-இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. இன்று தேசிய அளவிலான போட்டிகளின் முன்வரிசையில் இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். கட்டுமரத்துக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே வளர்ந்தவர்கள் ஒலிம்பிக் விளையாட்டு ஒன்றில் நாட்டின் முகமாவது சின்ன விஷயம் இல்லை. அதைக் குறைத்துச் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. அந்தச் சாதனையைச் சுற்றி நாம் என்ன கதை கட்டுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

கிணறு யாருடையது?

சர்ஃப் வகுப்பில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, அவசரத்துக்குத் தொலைபேசி எண், கடைசியில் ஒரு கேள்வி: நீச்சல் தெரியுமா?

எங்கள் குழுவில் எட்டுப் பேர். வகுப்பு முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது பேச்சு நீச்சல் பக்கம் திரும்பியது. ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் கற்றவர். ஒருவர் படித்த பள்ளியிலேயே நீச்சல் குளம் இருந்ததாம். மூன்று பேர் “தாத்தா ஊர்க் கிணற்றில்” கற்றவர்கள். கோடை விடுமுறை, பம்புசெட்டுக் கிணறு, முதுகில் சுரைக்குடுக்கை அல்லது பிளாஸ்டிக் கேன், தூக்கிப் போட்டுவிட்டு மேலே நின்று சிரிக்கும் மாமா. தமிழில் பால்ய நினைவு எழுதுகிற பாதிப் பேர் இந்தக் கிணற்றில் ஒருமுறையாவது குதித்திருப்பார்கள்.

“உங்க ஊர்ல கிணறு இல்லையா?” என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

கிணறுகள் இருந்தன. எல்லாம் ஊர்த்தெருக்காரர்களின் நிலத்தில் இருந்தன. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில்தான் என் அம்மா நாற்று நட்டார், களை எடுத்தார், மடை திருப்பினார். வாய்க்காலில் ஓடி வரும் தண்ணீரில் கை கால் கழுவலாம். கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. ஊர்க் குளத்தில் காலனிப் பிள்ளைகள் இறங்கினால் மாடு மேய்ப்பவர்கூடக் கம்போடு விரட்டுவார். அம்மாவுக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. வாழ்நாளெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்த பெண்களுக்கு நெஞ்சளவு தண்ணீர் தெரியாது. நான் கற்றுக்கொண்டது 27 வயதில், நகரத்துக் கட்டணக் குளம் ஒன்றில், என்னைவிட இருபது வயது இளைய பிள்ளைகளோடு.

நீச்சலை நாம் ஒரு தனிமனிதத் திறமையாகப் பேசுகிறோம். அது பெரும்பாலும் ஒரு சொத்து. நிலம் உள்ளவருக்குக் கிணறு, கிணறு உள்ளவரின் பிள்ளைக்கு நீச்சல். பத்திரத்தில் எழுதப்படாமல் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும் சொத்து அது. பயமும் அப்படித்தான் கைமாறுகிறது. “தண்ணிப் பக்கம் போகாதே” என்று எங்கள் தாய்மார்கள் திரும்பத் திரும்பச் சொன்னது மூழ்கிவிடுவோம் என்று மட்டும் இல்லை, அடி விழும் என்பதற்காகவும்தான். அடிக்குப் பயந்து சொன்ன வார்த்தை தண்ணீருக்குப் பயமாகப் பிள்ளை மனதில் தங்கிவிட்டது. இரண்டு தலைமுறை கழித்து அந்தப் பிள்ளையின் பிள்ளை கடலில் கால் வைக்கத் தயங்கும்போது, “இவங்களுக்கெல்லாம் இது செட் ஆகாது” என்கிறார்கள்.

தாகத்துக்கு மட்டுமா தண்ணீர்?

இந்தத் தடையை உடைக்க நம் முன்னோடிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இறங்கிவிட்டார்கள். 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்றது. மகாராஷ்டிரத்தின் மகாத் நகராட்சி அதே ஆண்டில் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் கை வைக்க முடிந்தது 1927 மார்ச் 20 அன்றுதான். அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். கல்லடி பட்டார்கள். ஆதிக்கச் சாதியினர் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கு முடிய 1937 ஆனது.

பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு வந்தது. கிணறு, குளம் என்பதோடு அது நிற்கவில்லை. குளிக்கும் துறைகளையும் பொதுமக்கள் கூடும் இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தமும் ஆறு, ஓடை, கிணறு, குளம், குளிக்கும் துறை எதிலும் பட்டியல் சமூகத்தினரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. குடிப்பதற்கு மட்டும் தண்ணீர் கேட்டிருந்தால் குளிக்கும் துறை அந்தப் பட்டியலில் எதற்கு? உடம்பு முழுவதும் தண்ணீரில் இருக்கும் உரிமையும் உரிமைதான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் அந்தப் பாதியை மறந்துவிட்டோம்.

தோழர்கள் சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள்: “வேங்கைவயலில் குடிக்கிற தண்ணித் தொட்டியிலேயே மலம் கலந்தார்கள். இந்த நிலையில் உனக்கு அலைச்சறுக்கு ஒரு கேடா?” நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் நடந்தது இன்னும் நம் தொண்டையில் நிற்கிறது. குடிநீர் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்ற வரிசை சரியானது போலத்தான் தெரியும். ஆனால் அந்த வரிசையை வகுத்தது யார்? நமக்கு எப்போதும் உயிர் பிழைக்கத் தேவையானதை மட்டும் கேட்கச் சொல்லி, மகிழ்ச்சிக்குத் தேவையானதை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போடச் சொல்வதும் சாதியின் ஏற்பாடுதான். உழைக்கும் நேரம் ஒரு சாதிக்கு, ஓய்வு நேரம் இன்னொரு சாதிக்கு என்று பிரித்து வைத்த சமூகத்தில் விளையாடுவது ஒரு அரசியல் கோரிக்கை.

அதோடு இது வெறும் பொழுதுபோக்குக் கணக்கும் இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. நீந்தத் தெரிவது உயிர்காக்கும் கல்வி. கடற்கரைகளில் உயிர்காப்பாளர், நீச்சல் பயிற்றுநர், சர்ஃப் பயிற்றுநர், முக்குளிப்பவர் என்று சுற்றுலா வளர வளரப் பெருகும் வேலைகளுக்கும் அதுதான் நுழைவாயில். நீந்தத் தெரியாத சமூகத்துக்கு அந்த வாயில் மூடியே இருக்கும், யாரும் பூட்டுப் போடாமலே.

“ரத்தத்திலேயே இருக்கு”

இதே கரையில் இன்னொரு கதையும் ஓடுகிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு 22, 23 வயது இருக்கும். அலை வருவதற்கு முன்பே கடலின் நிறத்தைப் பார்த்து “இது வேணாம், அடுத்தது” என்பார். காற்று மாறுவதை முதுகில் உணர்ந்து சொல்வார். வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொரு காற்றுக்கும் அலை எப்படி மாறும் என்று அவரிடம் ஒரு பாடப்புத்தகமே இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் அவரைப் பார்த்து வியந்து சொன்னார்: “இவங்களுக்கெல்லாம் இது ரத்தத்திலேயே இருக்கு.”

தம்பி சிரித்தார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: “ரத்தம்லாம் இல்லக்கா. பத்து வயசுல ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷம் விழுந்துட்டே இருந்தேன். தோள்பட்டை ஒருதடவ கழண்டுச்சு.”

பாராட்டுப் போலத்தான் இருக்கிறது அந்த வாக்கியம். பிறப்பால் உனக்கு இந்த வேலை வரும் என்பது அதன் பொருள். பிறப்பையும் தொழிலையும் கட்டிப்போடுவதுதான் சாதி என்று 1936-இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விரித்துக் காட்டிவிட்டார். அந்தக் கட்டு வசையாக வந்தால் நமக்கு உடனே புரிகிறது. புகழாக வந்தால் புரிவதில்லை. ஒரு இளைஞரின் பத்து வருட உழைப்பை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், அதற்குக் கூலி கேட்க அவரால் முடியாது. இயற்கையாக வருவதற்கு எதற்குச் சம்பளம்? இந்தக் கரையில் வேறோர் இடத்தில் பயிற்சி தரும் இளைஞர் ஒருவர் சொன்னார்: வகுப்புக் கட்டணத்தில் சிறு பங்குதான் அவர் கைக்கு வருகிறது, எழுத்தில் எதுவும் இல்லை, காப்பீடு இல்லை, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருமானமும் இல்லை. அவருடைய படம் மட்டும் விளம்பரத்தில் இருக்கிறது.

“ரத்தத்தில் இருக்கிறது” என்பதற்கு மறுபக்கமும் உண்டு. யாருடைய ரத்தத்தில் ‘இல்லையோ’ அவர்கள் வரவேண்டாம். மீனவர் பிள்ளைக்குக் கடல் இயல்பு, காலனிப் பிள்ளைக்குக் கடல் அந்நியம். ஒருவருடைய திறமையையும் இன்னொருவருடைய பயத்தையும் ஒரே பொய்யால் விளக்கிவிடுகிறார்கள். இரண்டுமே கற்றுக்கொண்டவை. ஒன்றை அலையில் விழுந்து விழுந்து கற்றோம், இன்னொன்றை விரட்டி விரட்டிக் கற்பித்தார்கள்.

இதைச் சொல்லும்போது கரையோரத்தின் கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. ஆதிக்கச் சாதிகளால் இழிவாகப் பார்க்கப்படும் மீனவச் சமூகங்களே பல ஊர்களில் தலித் மக்களைத் தள்ளி வைத்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போன்ற பகுதிகளில் நிவாரண முகாம்களிலும் பொருள் வழங்கலிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. படகு இழந்தவருக்கு நிவாரணக் கணக்கு இருந்தது. கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைத்தவருக்கும் கரையில் கூலி வேலை செய்தவருக்கும் இழந்ததைக் காட்டப் படகு இல்லை. ஒரே அலை அடித்தது. கரையில் இரண்டு விதமாகக் கணக்கெழுதினார்கள். ஆகவே “ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவச சர்ஃபிங்” என்ற நல்ல அறிவிப்பைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: அந்த ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் காலனி இருக்கிறதா?

பெண்கள் விஷயத்திலும் இதே கணக்குத்தான். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி சறுக்குப் பலகையில் பாய்ந்ததும், அவரையும் அவர் தாயையும் பற்றிய ‘கமலி’ குறும்படம் உலகம் சுற்றியதும் நமக்குப் பெருமை. ஆனால் கூடை சுமந்து மீன் விற்கும் தாய்மார்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கடலை நம்பி வாழும் குடும்பத்திலும் கடல் ஆணுக்குத்தான். ஈரத்துணி உடம்பில் ஒட்டும் என்ற ஒரே காரணத்தால் கரையோடு நின்றுவிடும் பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

“கரையைப் பாருங்க”

புதிதாகப் போர்டில் எழுந்து நிற்பவர் காலைப் பார்ப்பார் அல்லது அலையைப் பார்ப்பார். இரண்டையும் பார்த்தால் விழுவார். “அக்கா, கீழ பாக்காதீங்க, கரையைப் பாருங்க” என்று தம்பி கத்திக்கொண்டே இருப்பார். எங்கே போக வேண்டுமோ அங்கே கண் இருந்தால் உடம்பு தானாக நேராகும். இது சர்ஃபிங்கின் பாலபாடம். அலை தேடிப் போகும் நம் எல்லோருக்கும் அது பொருந்தும்.

கரையைப் பார்த்தால் என்ன தெரிகிறது? வலை காயப் போடும் மணல், படகு ஏற்றி வைக்கும் இடம், கருவாடு உலர்த்தும் களம். மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் இந்த இடங்களுக்குப் பெரும்பாலும் பட்டா இல்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது புறம்போக்கு. பத்தடி தள்ளிக் கடல் பார்த்த மனைகளுக்கோ கோடிகளில் விலை. கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் நிற்கும் நட்சத்திர விடுதியின் ஆங்கிலப் பெயரில் மீனவர் இருக்கிறார். அங்கே ஒரு இரவு தங்கும் வாடகையைக் கேட்டால் குப்பத்து மீனவர் சிரிப்பார்.

1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் மாறியது, மறுபடி 2018 அறிவிக்கையாக 2019 ஜனவரியில் வெளியானது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதி உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டரில் இருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. கடற்கரைகளில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் வழி திறந்தது. சுற்றுலாவுக்கு விதி தளர்கிறது. மீன் விற்பவருக்கு விதி இறுகுகிறது. 2023 ஏப்ரலில் சென்னை மெரினா லூப் சாலையில் நொச்சிக்குப்பம் பகுதி மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டதை நாம் பார்த்தோம். குப்பத்தின் நடுவே சாலையைப் போட்டுவிட்டுக் குப்பத்தையே ஆக்கிரமிப்பு என்கிறார்கள்.

சர்ஃபிங் இந்த ஓட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கப் போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் கையில் இருந்தால் அது கரையைக் காக்கும் ஆயுதமாகலாம். அலை வேண்டுமென்றால் கரை வேண்டும், கரை வேண்டுமென்றால் குப்பம் வேண்டும் என்று வாதாட முடியும். முதலீட்டாளர் கையில் போனால், ‘அழகான கடற்கரை’ என்ற பெயரில் வலையையும் கருவாட்டையும் அப்புறப்படுத்த அதே சர்ஃபிங் காரணமாகும்.

உலகம் கடந்து வந்த பாதை

சர்ஃபிங் உலகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதன் தாய்வீடான ஹவாயில் ‘கப்பு’ என்ற தீண்டல் தடை முறை இருந்தது. தலைவர்களுக்கு நீண்ட பலகை, சாதாரண மக்களுக்குச் சிறிய பலகை, சில அலைகள் தலைவர்களுக்கு மட்டும். 1819-இல் ஹவாய் ஆட்சியாளர்களே அந்த முறையை ஒழித்தார்கள். அமெரிக்காவில் 1912-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நிலம் வாங்கிக் கறுப்பின மக்களுக்காகக் கடற்கரை விடுதி நடத்திய புரூஸ் தம்பதியரிடமிருந்து, 1924-இல் பூங்கா கட்டுவதாகச் சொல்லி நகர நிர்வாகம் நிலத்தைப் பறித்தது. 2022-இல்தான் அது அவர்கள் வாரிசுகளுக்குத் திரும்பியது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் கறுப்பினத்தவரைச் சேர்க்க மனமில்லாமல் நகராட்சி நீச்சல் குளங்களையே மூடியது. 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

தென்னாப்பிரிக்காவில் 1953-இன் தனி வசதிகள் சட்டம் கடற்கரையையும் நிறத்தால் கூறுபோட்டது. உலகின் சிறந்த சர்ஃபிங் நகரங்களில் ஒன்றான டர்பனில், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் தமிழர்களின் பேரப்பிள்ளைகள், நல்ல அலை இருந்த வெள்ளையர் கரையில் இறங்க முடியவில்லை. அதே காலத்தில் உலகெங்கும் இருந்து அலை தேடி அங்கே போன பயணிகளில் பெரும்பாலானோர் கரையில் இருந்த பலகையைப் படிக்கவில்லை. படித்த சிலரும் உண்டு. 1985-இல் உலகச் சாம்பியனாக இருந்த ஆஸ்திரேலியாவின் டாம் கேரல் நிறவெறியை எதிர்த்து அந்நாட்டுப் போட்டிகளைப் புறக்கணித்தார். அவரைப் போல வேறு சில வீரர்களும் விலகினார்கள். அலை மட்டும் போதும் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நம் கரையில் பலகை எதுவும் இல்லை. அதனால் தடையும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டணம், நீச்சல், உடை, ஆங்கிலம், வார இறுதி விடுமுறை என்று ஐந்து வடிகட்டிகள் இருக்கும் இடத்தில் பலகை எதற்கு? நான் கொடுத்த ஒரு வகுப்புக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். 2024–25-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். என் ஒரு காலை நேரம் என் அம்மாவின் மூன்று நாள் உழைப்பைவிட அதிகம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, நீச்சலை உரிமையாகக் கேட்போம். அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும். மாவட்ட விளையாட்டு அரங்குகளின் குளங்களில் இவர்களுக்குக் கட்டணமில்லா நேரம் ஒதுக்க வேண்டும். ஊர்க் குளத்திலும் ஏரியிலும் பாதுகாப்பான துறை அமைத்து, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒன்றாக இறக்கிக் கற்றுக்கொடுத்தால் அது நீச்சல் வகுப்பாகவும் இருக்கும், தீண்டாமை ஒழிப்பு வகுப்பாகவும் இருக்கும். சமத்துவபுரம் கட்டத் தெரிந்த மாநிலத்துக்குச் சமத்துவத் துறை கட்டுவது கடினமில்லை.

இரண்டாவது, சர்ஃப் பள்ளிகளிடம் கேட்போம். பயிற்றுநருக்கு எழுத்தில் ஒப்பந்தம், காப்பீடு, பயிற்சிச் சான்றிதழுக்கான செலவு, தொழிலில் பங்கு. இலவச இடங்களில் காலனிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒதுக்கீடு. ‘ஆர்வம் உள்ளவர் வரலாம்’ என்பது போதாது. ஆர்வம் வருவதற்கே அனுமதி இல்லாமல் வளர்ந்தவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

மூன்றாவது, திருவிழாவுக்கும் சான்றிதழுக்கும் போட்டிக்கும் முன்பு, குப்பமும் காலனியும் சேர்ந்து உட்காரும் கிராம சபையில் ஒப்புதல் வாங்க வேண்டும். கரையைப் பயன்படுத்தும் மக்களின் உரிமையை வருவாய்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். புறம்போக்கு என்ற சொல்லை வைத்து ஒரு சமூகத்தை எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாம் என்ற நிலை நீடிக்கும்வரை எந்த நீலக்கொடியும் நமக்குக் கொடியில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் அடுத்த வாரமே கோவளம் போகலாம். போங்கள். எனக்கும் அந்த ஆசை தீரவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் முழுதாக எழுந்து நின்று கரைவரை வந்தது நாலைந்து நொடிதான். காலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது, நாம் அதன்மேல் நிற்கிறோம் என்று உடம்பு நம்ப மறுக்கும் நொடிகள் அவை. அந்தச் சந்தோஷத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் போகும்போது கற்றுக்கொடுப்பவரின் பெயரைக் கேளுங்கள். எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். ரத்தத்தைப் பாராட்டாமல் உழைப்பைப் பாராட்டுங்கள். காலனி எந்தப் பக்கம், அங்கிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று விசாரியுங்கள். நீந்தத் தெரியாத நண்பர் ஒருவர் தயங்கி நின்றால், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வதற்கு முன்பு அவர் ஊர்க் கிணறு யாருடையது என்று நினைத்துப் பாருங்கள். முடிந்தால் அவருடைய முதல் வகுப்புக் கட்டணத்தை நீங்கள் கொடுங்கள்.

மகாத்தில் நம்மவர்கள் குளத்தில் இறங்கியது தாகத்தால் மட்டும் இல்லை. நாங்களும் மனிதர்கள் என்று நிறுவுவதற்காக இறங்கினார்கள். மனிதர்கள் தண்ணீரைக் குடிப்பதோடு நிற்பதில்லை, அதில் குதித்து விளையாடவும் செய்கிறார்கள். அந்தப் பாதியையும் கேட்டு வாங்குவது நம் தலைமுறையின் வேலை.